வாத்து மார்க்கா கம்ப்யூட்டர்

கண்ணை மூடிக்கொண்டு ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் பெயரைச் சொல்லுங்கள். யோசிக்கக் கூடாது. சொல்லிவிட்டீர்கள் அல்லவா? அந்தப் பெயரை உங்கள் வாயில் போட்டது யார் என்று இப்போது யோசியுங்கள். அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியுமா? எனக்கும் தெரியாது.

போன வாரம் மகளுக்கு மடிக்கணினி வாங்கத் தேனிக்குப் போனேன். கடைக்காரர் ஒவ்வொன்றாகத் திறந்து வைத்து, இதில் இது அதிகம், அதில் அது குறைவு என்று பொறுமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் பாதியிலேயே குறுக்கிட்டு ஒன்றைத் தொட்டு, "இதையே பில் போட்டுருங்க" என்றேன். மகள் என்னை முறைத்தாள். "ஏம்மா இது?" என்று கேட்டாள். காதில் விழுந்து பழகிய பெயர், அவ்வளவுதான். வாங்காமல் வெளியே வந்து பஸ் நிலையம் வரை நடந்தோம். திரும்பக் கடைக்கே போனோம். மறுபடியும் வெளியே வந்தோம். அன்றிலிருந்து கைபேசியைத் திறந்தால் அதே கம்ப்யூட்டர் முன்னால் வந்து நிற்கிறது. சமையல் குறிப்பு பார்த்தால் நடுவில் அது. மழை வருமா என்று பார்த்தால் மேலே அது. ஒரு இடத்தில் உட்கார முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். உங்களுக்குத்தான், என் வயதுக்காரர்களே. மருந்து அட்டையை நீட்டிப் பிடித்துப் படிக்கிற வயதுக்கு வந்துவிட்ட நாமெல்லாம் ஒரே டிவிக்கு முன்னால் வளர்ந்தவர்கள்.

அந்த விளம்பரம் உங்களுக்கு நினைவிருக்கும். நாடகத்துக்கு நடுவில் வரும். ஒரு பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து சிரிப்பான், அவன் அப்பா பின்னால் நின்று அவன் தோளைத் தொடுவார், கடைசியில் அந்த மணிச் சத்தம் வரும். உத்தமபாளையத்தில் எங்கள் பள்ளிக்கூடத்தில் அந்தச் சத்தத்தை எழுப்பத் தெரியாதவர்கள் இல்லை. டிபன் பாக்ஸில் ஸ்பூனால் தட்டுவோம், ஜாமெட்ரி பாக்ஸில் தட்டுவோம், வாயாலும் பாடுவோம். எங்களில் ஒருத்தர்கூட அதுவரை ஒரு கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை. ஆனால் எது நல்ல கம்ப்யூட்டர் என்று எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அந்த வருஷம் வைகாசியில் சாச்சா சவுதியிலிருந்து வந்து இறங்கினார். அத்தாவின் தம்பி அவர். எங்கள் வீடுகளில் அப்பாவை அத்தா என்போம், அவர் தம்பியைச் சாச்சா என்போம், சாச்சாவின் மனைவி சாச்சி. தம்மாமில் ஒரு கம்ப்யூட்டர் கடையில் சாச்சா மெக்கானிக்காக இருந்தார். கல்யாணம் முடிந்த சூட்டோடு போனவர், இரண்டு வருஷம் கழித்து அப்போதுதான் வந்திருந்தார். வந்த அன்று சோற்றில் உட்கார்ந்தபோதே சொல்லிவிட்டார்.

"அண்ணே, இங்கனயே ஒரு கடை போடலாம்னு இருக்கேன். ஆவணி வரைக்கும் விசாவுக்கு உசுரு இருக்கு. அதுக்குள்ள கடை நின்னுருச்சுன்னா நான் திரும்பிப் போகல."

"நிக்கலைன்னா?" என்றார் அத்தா.

"நிக்கலைன்னா போகத்தான் வேணும்."

சாச்சி அடுக்களைக்குள் தண்ணீர்ச் செம்பை வைத்த சத்தம் கொஞ்சம் பலமாகக் கேட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லோரும் ஆவணியை எண்ணிக்கொண்டுதான் சாப்பிட்டோம், தூங்கினோம். எனக்குப் பெரியவர்களின் கவலை முழுதாகப் புரியாது. சாச்சா போகக் கூடாது என்பது மட்டும் புரிந்தது. அவர் வந்தபிறகுதான் சாச்சி சத்தமாகச் சிரித்து நான் கேட்டேன்.

பஜாரில் மருந்துக் கடைக்குப் பக்கத்தில் ஒரு அறையை வாடகைக்குப் பிடித்தார். சென்னைக்குப் போய் உதிரிப் பாகங்களாக வாங்கி வந்தார். பெட்டி தனி, பலகை தனி, மின்விசிறி தனி, சில்லு தனி. அந்தக் கடையின் வாசனை இன்னும் என் மூக்கில் இருக்கிறது: புது பிளாஸ்டிக், தெர்மாகோல், ஈயம் உருகும் புகை. தெர்மாகோலை உரசினால் பல் கூசும். நான் பள்ளிக்கூடம் விட்டு வந்து அதை உரசிக்கொண்டே இருப்பேன், சாச்சா திட்டவே மாட்டார். சந்தனப் பழுப்பில் ஒரு கம்ப்யூட்டரை முழுதாகப் பூட்டி முடித்ததும், அதன் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே இருப்பது எல்லோருக்கும் தெரிகிற மாதிரி கடை வாசலில் வைத்தார். மேலே ஒரு டியூப் லைட்டும் போட்டார்.

இதில்தான் முதல் தப்பு நடந்தது. நாங்கள் அரிசிக் குடும்பம். சின்னமனூர் ரோட்டில் அத்தாவுக்கு மில் இருந்தது. மூட்டையில் குத்தூசியைச் செருகி, நாலு அரிசியை உள்ளங்கையில் கொட்டிக் காட்டிவிட்டுத்தான் விலை பேசுவோம். உள்ளே இருப்பதைக் காட்டினால் வாங்குகிறவர்களுக்கு நம்பிக்கை வரும் என்பது சாச்சாவுக்கு ரத்தத்தில் ஊறிய விஷயம். ஆனால் கடைக்கு வந்தவர்கள் அந்தப் பச்சைப் பலகையையும் சிக்கிக் கிடக்கிற ஒயர்களையும் பார்த்து ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"பழசைப் பிரிச்சு விக்கிறீகளா?" என்று கேட்டார் ஒருவர்.

"ரிப்பேருக்கு வந்ததா?" என்று கேட்டார் இன்னொருவர்.

எங்கள் கணக்கு டீச்சர் மகனுக்காகப் பார்க்க வந்தார். சாச்சா அவருக்கு நாற்காலி போட்டு, டீ வாங்கிக் கொடுத்து, எல்லாவற்றையும் விளக்கினார். டீச்சர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா இது டிவியில வர்றது இல்லியே?"

"டிவியில வர்றதுக்குள்ளயும் இதே சில்லுதான் டீச்சர் இருக்கு. அதே கம்பெனி சில்லு. விலை மட்டும்தான் கம்மி."

"அப்ப அந்தச் சத்தம் வருமா?"

சாச்சா பொய் சொல்லியிருக்கலாம். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். அவர் உண்மையைச் சொன்னார். "வராது டீச்சர். அது விளம்பரத்துக்கு அடிக்கிற மணி."

டீச்சர் டீயைக் குடித்துவிட்டு மதுரைக்குப் போய் டிவியில் வந்ததையே வாங்கி வந்தார். அதிலும் அந்தச் சத்தம் வரவில்லை. வகுப்பில் நாங்கள் கேட்டபோது, ஸ்பீக்கர் சரியில்லை, மாற்றச் சொல்லியிருக்கிறேன் என்றார். அவர் நல்ல டீச்சர், பின்னத்தை எனக்குப் புரியவைத்தவர். அவரைப் பார்த்துச் சிரிக்க எனக்கு யோக்கியதை இல்லை, போன வாரம் தேனியில் நானும் அதையேதான் செய்யப் பார்த்தேன்.

ஆனி பிறந்தது. நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஆனிக் காற்று எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. குமுளி மலையைத் தாண்டி வந்து இறங்குகிற காற்று, கதவைத் தட்டிக்கொண்டே இருக்கும். வாழைத்தோட்டமெல்லாம் கிழிந்து தொங்கும். கடையில் ஒரு கம்ப்யூட்டர்கூட விற்கவில்லை. சாச்சா காலையில் ஷட்டரைத் தூக்குவார், தூசி துடைப்பார், வாசலுக்கு வருவார், உள்ளே போவார், மறுபடி வாசலுக்கு வருவார். வீட்டில் சாச்சி கதவுக்குத் தாழ் போடுவார், எடுப்பார். அத்தா பேப்பரைப் படித்து முடித்து மறுபடி முதல் பக்கத்திலிருந்து தொடங்குவார். அந்தப் பேப்பரிலும் முழுப் பக்கத்துக்கு அந்தச் சிரிக்கிற பையனின் படம்தான்.

வழி கண்டுபிடித்தது சாச்சி. அதை அவர் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர், நிறுத்திவிட்டுச் சாக்கையே பார்த்தார்.

அந்தச் சாக்கைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் அரிசி வாத்து மார்க்கா. அறுப்பு முடிந்த வயல்களில் கேரளாக்காரர்கள் வாத்துக் கூட்டத்தை ஓட்டிவந்து மேய விடுவார்கள், அதைப் பார்த்து அத்தா வைத்த பெயர். தகரத்தில் வாத்தின் உருவத்தை வெட்டி எடுத்த ஓர் அச்சு உண்டு. அதைச் சாக்கின் மேல் வைத்து, நீல மையில் தோய்த்த பிரஷ்ஷால் குத்தினால், கழுத்தைத் திருப்பிப் பார்க்கிற வாத்து ஒன்று விழும். கம்பத்திலும் கூடலூரிலும், மலைக்கு மேலே குமுளியிலும், அந்த வாத்தைப் பார்த்துத்தான் வாங்குவார்கள். வாத்து அரிசி பொங்கினால் பூ மாதிரி இருக்கும், வேறு அரிசி வயிற்றுக்குச் சேராது என்பார்கள். எங்கள் மில்லில் வரத்துக் குறைந்த வருஷங்களில் வெளியூர் அரிசியும் அதே சாக்கில் போனது. ஒருத்தரும் ஒரு குறையும் சொன்னதில்லை. அத்தாவே சிரித்துக்கொண்டு சொல்வார்: "அரிசி வயித்துக்குள்ள போயிரும். சாக்குத்தான் கண்ணு முன்னால நிக்கும்."

"டிவிக்காரனுக்கு டிவியில பேரு," என்றார் சாச்சி. "நமக்கு இங்கன வாத்துக்குத்தான பேரு. அந்த வாத்த கம்ப்யூட்டர்ல அடிச்சுட்டா என்னா?"

சாச்சா முதலில் சிரித்தார். அப்புறம் சிரிக்கவில்லை. அன்று சாயங்காலமே மில்லுக்குப் போய் அத்தாவிடம் கேட்டார். அத்தா நல்ல மனநிலையில் இருந்தார் போலிருக்கிறது. "அடிச்சுக்க. வாத்து என்ன தேஞ்சா போகும்?" என்று அச்சை எடுத்துக் கொடுத்தார்.

சந்தனப் பழுப்புப் பெட்டியின் மேல் நீல வாத்து. உண்மையைச் சொன்னால் பார்க்க அழகாகவே இருந்தது. பள்ளிக்கூடத்தில் என்னைக் கேலி செய்து தீர்த்துவிட்டார்கள். உங்க கம்ப்யூட்டர் முட்டை போடுமா, தண்ணியில விட்டா நீந்துமா என்று கேட்டுக் கேட்டு அழவைத்தார்கள். சாச்சா தகட்டை மூடிவிட்டு, வாத்து ரோட்டைப் பார்க்கிற மாதிரி பெட்டியைத் திருப்பி வைத்தார்.

மறுவாரம் ஏலக்காய்த் தோட்டக்காரர் ஒருவர் மருந்து வாங்க வந்தார். கம்பத்தில் வீடு, குமுளிக்கு மேலே தோட்டம். எங்கள் மில்லில்தான் தோட்டத்து ஆட்களுக்கு அரிசி எடுப்பார். ஜீப்பில் ஏறப் போனவர் இறங்கி வந்தார்.

"இது நம்ம மில்லு வாத்துல்ல?"

"ஆமா. நாந்தான் மில்லுக்காரர் தம்பி."

"அட, கம்ப்யூட்டரும் போட்டுட்டாகளா?" என்றார். உள்ளே என்ன இருக்கிறது என்று கேட்கவில்லை. டிவியில் வருமா என்று கேட்கவில்லை. "பாப்பாவுக்கு ஒண்ணு கட்டுங்க. வாத்துன்னா ஏமாத்து இருக்காது," என்று சொல்லி வாங்கிப் போனார்.

அதன் பிறகு டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்காரர் வாங்கினார். போட்டோ ஸ்டுடியோக்காரர் வாங்கினார். சாச்சா எல்லோரிடமும் ஸ்டெபிலைசர் போட்டுக்கொள்ளச் சொன்னார், எல்லோரும் சரி என்றார்கள். வீட்டில் அம்மா ஒரு நாள் காரணமே இல்லாமல் நெய்ச்சோறு ஆக்கினார். சாச்சி கம்ப்யூட்டருக்குப் போர்வை தைத்தார், ஓரத்தில் ஜரிகை வைத்து, வெளியூரில் விற்கிற மூடியைவிட நன்றாக. வாங்குகிற ஒவ்வொருவருக்கும் ஒன்று. அந்தப் போர்வைகளில் ஒன்றாவது எங்காவது இருக்குமா என்று நான் பல வீடுகளில் தேடியிருக்கிறேன். அந்த நாட்களில்தான் சாச்சிக்கு வாந்தியும் மயக்கமும் தொடங்கின. அது நல்ல செய்தி என்று அம்மா என் காதில் சொன்னார். குழந்தை பிறக்கும்போது சாச்சா இங்கேதான் இருப்பார் என்று நான் முடிவே செய்துவிட்டேன்.

ஆடியில் காற்று இன்னும் மோசமானது. கம்பிகள் ஒன்றோடொன்று உரசி, மின்சாரம் போவதும் திடீரென்று பொங்கி வருவதுமாக இருந்தது. ஏலத்தோட்டக்காரர் ஸ்டெபிலைசர் போட்டிருக்கவில்லை. அவர் வீட்டுக் கம்ப்யூட்டர் ஒரு நாள் புஸ்ஸென்று அணைந்து கருகிய வாடை அடித்தது.

அவர் கடைக்குப் போகவில்லை. ஜீப்பில் வாத்து மார்க்கா அரிசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டு நேரே மில்லுக்கு வந்தார். அன்று சனிக்கிழமை, நான் அங்கே இருந்தேன். அவித்த நெல்லின் ஆவி முற்றம் முழுக்க நின்றது. கேரளாவிலிருந்து வந்த இரண்டு மொத்த வியாபாரிகள் அத்தாவுடன் உட்கார்ந்து விலை பேசிக்கொண்டிருந்தார்கள். ஏலத்தோட்டக்காரர் அவர்கள் கண் முன்னால் மூட்டைகளை இறக்கச் சொன்னார்.

"எடுத்துக்கங்க," என்றார்.

அத்தா எழுந்துவிட்டார். "என்னாச்சு? வண்டு கிண்டு விழுந்துருச்சா?"

"அரிசியில ஒரு குத்தமும் இல்ல."

"பிறகு?"

"கம்ப்யூட்டர் நின்னு போச்சு. வாத்து மேல நம்பிக்கை போச்சு. அதான்."

நீங்கள் சிரிப்பீர்கள். நானும் பிறகு பல முறை சொல்லிச் சிரித்திருக்கிறேன். அன்று யாரும் சிரிக்கவில்லை. கேரளாக்காரர்களில் ஒருவர் மூட்டையைப் பார்த்துவிட்டு, "எந்து பற்றி?" என்று, என்ன ஆச்சு என்பதை மலையாளத்தில் மெதுவாகக் கேட்டார். அத்தாவின் முகம் வெளிறிவிட்டது. அவருடைய முகம் அப்படி ஆகி நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

சாச்சா அன்றே கம்பத்துக்குப் போய், கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தை வாங்கிக் கொடுக்கிற, கருகிப்போன ஒரு சின்னப் பெட்டியை மாற்றிக் கொடுத்தார். கால் மணி நேர வேலை. ஏலத்தோட்டக்காரர் சமாதானமாகி அரிசியையும் திரும்ப எடுத்துக்கொண்டார். ஆனால் அத்தா சமாதானமாகவில்லை. கடைக்கு வந்து, மேசை மேல் இருந்த தகர அச்சை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டார்.

"இனி வேணாம்டா. உன் பெட்டியில ஒண்ணு அணைஞ்சா என் மூட்டையில நூறு திரும்பி வரும்."

"சரிண்ணே," என்றார் சாச்சா.

மிச்சம் இருந்த பெட்டிகளில் அடித்திருந்த வாத்தைத் தின்னர் போட்டுத் துடைத்தார். முழுதாகப் போகவில்லை, நீலத் தீற்றலாக நின்றது. வாங்க வந்தவர்களும் அதைப் பார்த்த பிறகு வாங்கவில்லை. பெயரே இல்லாத பெட்டியைவிடப் பெயர் அழிந்த பெட்டி மோசம் என்று அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது.

ஆனாலும் ஒரு நம்பிக்கை இருந்தது. மில் ஆபீஸுக்குக் கம்ப்யூட்டர் வாங்க வேண்டும் என்று அத்தா சொல்லிக்கொண்டிருந்தார். பில்லெல்லாம் இனி அதில்தான் அடிக்க வேண்டும் என்றார். யாரிடம் வாங்குவார் என்று யாரும் கேட்கவில்லை. அதில் கேட்க என்ன இருக்கிறது? சாச்சா ஒரு புதுப் பெட்டியை எடுத்து, இருப்பதில் நல்ல பலகை, நல்ல சில்லு, நல்ல மானிட்டர் என்று பார்த்துப் பார்த்துப் பூட்டினார். யாரும் பூட்டச் சொல்லவில்லை. சாச்சி அதற்கு மட்டும் பச்சைப் பட்டில் போர்வை தைத்தார். பள்ளத்தாக்கில் உள்ள வியாபாரிகள் எல்லோரும் அந்த ஆபீஸுக்கு வருவார்கள், மேசையைப் பார்ப்பார்கள், எங்கே வாங்கினீர்கள் என்று கேட்பார்கள். மில்லுக்காரர் வாங்கியது என்று ஆகிவிட்டால் கடை நின்றுவிடும். சாச்சி இதை என்னிடமே பல முறை சொன்னார். சொல்லும்போது அவர் கை எதையாவது மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருக்கும்.

ஆடி முடியப் போகிற சமயம், மதுரையிலிருந்து ஒரு வேன் மில் வாசலில் வந்து நின்றது. அதிலிருந்து பெரிய அட்டைப்பெட்டிகள் இறங்கின. எல்லாவற்றின் மேலும் அந்தச் சிரிக்கிற பையன். வேன்காரர் கையெழுத்து வாங்கிக்கொண்டு போய்விட்டார். அத்தா சாச்சாவுக்கு ஆள் அனுப்பினார்.

சாச்சா வந்தார். பெட்டிகளைப் பார்த்தார். கத்தியால் டேப்பைக் கிழித்து, ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, ஒயர்களைப் பூட்டி, மின்சாரத்தைச் சரிபார்த்து, தன் கடையிலிருந்து ஒரு ஸ்டெபிலைசரையும் கொண்டுவந்து மாட்டினார். ஓட ஆரம்பித்ததும் அத்தாவுக்கு எங்கே அழுத்த வேண்டும், எப்படி அணைக்க வேண்டும் என்று காட்டினார். அவ்வளவு பொறுமையாகக் காட்டினார். எனக்கு அழுகை வந்தது. அத்தா மேல் எனக்கு அதற்கு முன் அவ்வளவு கோபம் வந்ததில்லை.

மத்தியானம் இருவரும் வீட்டுக்குச் சாப்பிட வந்தார்கள். அம்மா பரிமாறினார். அத்தாவே பேச ஆரம்பித்தார், என்னைப் பார்த்தபடி, ஆனால் எனக்காக அல்ல.

"கேரளாப் பார்ட்டி வந்தா முதல்ல மேசையத்தான் பாப்பாக. பேரு இருக்கிற சாமான் இருந்தாத்தான் மதிப்பாக. அன்னைக்கு மூட்டை திரும்பி வந்ததைப் பாத்தவுக அவுக."

சாச்சா சோற்றைப் பிசைந்துகொண்டே, "சரிதாண்ணே," என்றார்.

இன்று நினைத்தால் அத்தாவின் கணக்கு எனக்குப் புரிகிறது. அவர் கல் நெஞ்சக்காரர் அல்ல. ஆயுள் முழுக்க சாக்கைக் காட்டி விற்றவர், தானும் ஒரு சாக்கைப் பார்த்து வாங்கினார். தன் மேசையைவிடப் பெரிய விளம்பரம் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை என்பது மட்டும் அவருக்குத் தோன்றவே இல்லை.

அப்போது சாச்சி அடுக்களையிலிருந்து வெளியே வந்தார். மச்சான் என்று அழைக்கிற கணவரின் அண்ணன் முன்னால் அவர் வந்து நின்று பேசியதில்லை. ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் கதவுக்குப் பின்னாலிருந்து அம்மாவிடம் சொல்வார், இல்லை என்னிடம் சொல்லி அனுப்புவார். அன்று முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அத்தாவுக்கு எதிரே வந்து நின்றார்.

"மச்சான், நீங்க இவுக கடையில வாங்கியிருந்தா ஊரே வாங்கியிருக்கும்."

அத்தா நிமிர்ந்து பார்க்கவில்லை. தட்டைப் பார்த்தே பதில் சொன்னார். "அப்படி இல்லம்மா. தம்பி கடையில வாங்குனா, தம்பிக்காக வாங்குனேன்னு சொல்லுவாக."

"சொல்லட்டுமே மச்சான்," என்றார் சாச்சி. "தம்பிக்காகத்தான வாங்கணும்."

சாச்சா எழுந்து கை கழுவப் போனார். ஆவணி பிறந்த வாரத்தில் விமானம் ஏறினார். தன் மகளை அவர் முதன்முதலில் பார்த்தபோது, அவள் நடந்து வந்து கதவைத் திறந்தாள்.